மருதமுத்து சேர் போடாத கையெழுத்து

செய்தி வந்தபோது, அன்றைக்கு வராத இரண்டு ஆசிரியர்களின் பாடங்களை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்றின் தகப்பனார், தெரணியகலை டவுனில் த்ரீவீல் ஓட்டுபவர், நனைந்தபடி வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பெரிய சேர் தவறிட்டாருங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு சாஞ்சி படுத்தவரு, எந்திரிக்கவே இல்லையாம்."

பெரிய சேர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். எங்கள் தோட்டப் பாடசாலையின் முன்னாள் அதிபர் மருதமுத்து சேர். அவருக்குக் கீழே பன்னிரண்டு வருடங்கள் ஆசிரியையாக இருந்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு, மூன்று வருடங்களாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன், பாதியில் நிற்கும் ஒரு சண்டையை முடிப்பதற்கு. இனி அதை யாரோடு போய் முடிப்பது?

அவரோடு வேலை செய்து, இன்று இதை வாசிக்கும் உங்களுக்கு இது வியப்பாக இருக்காது. உங்களில் ஒருவருக்காவது அவர்மேல் கோபமே வந்ததில்லை என்றால், நீங்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்று அர்த்தம். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த அர்ப்பணிப்புக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்லப் போகிறேன்.

1994இல் நான் அங்கே போனபோது பாடசாலையில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. தெஹியோவிட்டவிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி, இறப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் ஏற வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்தால் பிள்ளைக்கு இரண்டு வழிகள். டவுனில் உள்ள சிங்களப் பாடசாலைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அம்மாவோடு இறப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை தன் பெயரில் முதல் எழுத்தைத் தமிழிலும் மற்றதைச் சிங்களத்திலும் எழுதிக்கொண்டு வந்தது. நான் சிரித்துவிட்டேன். சேர் சிரிக்கவில்லை. "அது தப்பா எழுதல டீச்சர். அதுக்கு என்ன குடுத்தோமோ அத எழுதியிருக்கு" என்றார். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எழுதும் அளவுக்குப் பாடசாலையை உயர்த்த வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு வேலை. தூக்கத்திலும் அதைத்தான் நினைத்திருப்பார்.

அதற்காக அவர் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்குப் போவார். வேலைக்குப் போகும் ஆட்கள் பெயர் கொடுக்க நிற்கும் இடத்தில், கங்காணிக்குப் பக்கத்தில் நின்று இவரும் பெயர் கூப்பிடுவார். கங்காணி கூப்பிடுவது வந்தவர்களின் பெயர். இவர் கூப்பிடுவது பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் பெயர்.

"கமலா மூணு நாளா வரல. காய்ச்சலா, இல்ல தம்பிய பாத்துக்க வச்சிருக்கீங்களா?"

"சரிங்க சேர், நாளைக்கு அனுப்புறேங்க" என்பார் கமலாவின் அம்மா.

"நாளைக்கு இல்ல. இன்னைக்கு."

கங்காணிக்கு எரிச்சல் வரும். "சேர், இங்க ஆளு கூப்புடறது நானா நீங்களா?" என்று கேட்பார். மருதமுத்து சேர் அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்.

அந்த நாட்களில் எங்கள் கணித ஆசிரியர் தயாபரன். இதே தோட்டத்தில் பிறந்தவர், கெட்டிக்காரர். 1995இல் அவருக்கு ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அதிபர் விடுவித்துக் கையெழுத்துப் போட்டால்தான் போகலாம். சேர் அன்றைக்கே போட்டார். பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தி மாலை போட்டு அனுப்பினார். "போயிட்டு வாங்க தயா. ஒங்க வகுப்பு அப்படியே இருக்கும்" என்றார். அந்த இரண்டு வருடங்களும் கணிதப் பாடத்தை அவரே எடுத்தார். பாடசாலை தொடங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம், முடிந்த பிறகு ஒரு மணி நேரம். தயாபரன் பயிற்சி முடித்தார், ஹட்டன் பக்கம் நியமனம் கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆனது. திரும்பி வரவில்லை. வர மாட்டேன் என்று அவருடைய கடிதம் வந்த நாளில் சேர் பாட நேரசூசியை எடுத்தார். அதில் தயாபரனின் பெயர் இருந்த கட்டங்களில் தன் பெயரை எழுதினார்.

அதன் விலையை நான் கொடுத்தேன் என்றுதான் வெகுநாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1998இல் பத்தாம் வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. பதினொரு பிள்ளைகள், அவர்களில் கமலாவும் ஒருத்தி. விஞ்ஞானத்துக்கு நான், கணிதத்துக்கு அவர். அடுத்த வருடம் நடுப்பகுதியில் எனக்கும் கலாசாலைக் கடிதம் வந்தது. என் அம்மா பால் வெட்டுகிறவர். வாளியோடு நின்றபடியே நாங்கள் குடியிருந்த லயம் முழுவதும் சொல்லிவிட்டார், எம் மக காலேஜுக்கு போறா என்று. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"சந்தோஷம் டீச்சர்" என்றார். பிறகு, "நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிறவர் இல்லை.

"நீங்க போனா சயன்ஸுக்கு ஆளில்ல. ஆளில்லேன்னா வகுப்ப மூடச் சொல்லுவாங்க. பதினோரு பேரும் நடு வழியில நிப்பாங்க. இந்த பேட்ச் எழுதி முடிக்கட்டும். ஒரு வருஷம்."

"தயா சேருக்கு மட்டும் போட்டீங்களே?"

"போட்டேன். அதனாலதான் ஒங்களுக்கு போட முடியல."

முதலாம் வகுப்பு எடுக்கும் புஷ்பம் டீச்சரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராஜி, நீயும் போயிட்டா மிச்சம் உள்ளவங்க என்னத்த செய்யறது? ஆளில்லாத வகுப்புக்கு ரிலீஃப் எடுத்தே செத்துருவோம்டி." இருந்தேன். ஆனால் சேரோடு வேலைக்கு வெளியே ஒரு பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் வணக்கம், பிள்ளைகள் விஷயம், அவ்வளவுதான். அவரும் அதைக் கவனிக்காதவர்போல இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் சினமூட்டியது.

பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். முடிவு வந்த அன்று தாய்மார்கள் வேலை விட்டுப் பால் வாளியோடேயே பாடசாலைக்கு வந்துவிட்டார்கள், உடம்பெல்லாம் ஒட்டுப்பால் வாடை. நான்கு பேர் உயர்தரம் படிக்கும் அளவுக்குச் சித்தியடைந்திருந்தார்கள். கமலா கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். இன்று கேகாலைப் பக்கம் ஓர் ஊரில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்மேல் கோபப்பட முடியாமல் போய்விடுகிறது. அப்படி முடியாமல் போவதே ஒரு கோபம்.

இனித் தடையில்லை என்று நினைத்து அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி இடம் கிடைத்தது. அவர் மறுபடி மறுத்தார். அடுத்த பேட்ச் இருக்கிறதாம்.

அன்று நான் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் கத்தினேன்.

"எனக்கு இருவத்தொம்பது வயசு சேர். என்னோட சேந்தவங்கெல்லாம் பயிற்சி முடிச்சிட்டாங்க. நான் மட்டும் இன்னும் பயிற்றப்படாத ஆசிரியை. ஒங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் செய்யறீங்களா?"

"தெரிஞ்சிதான் செய்யறேன்."

"ஒங்களுக்கு ஸ்கூல் நடந்தா போதும். நாங்க என்ன ஆனாலும் சரி."

சேர் கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொல்றதுல பாதி உண்ம டீச்சர்" என்றார். "எந்தப் பாதின்னுதான் எனக்கு தெரியல."

அடுத்த திங்கட்கிழமை தொலைக்கல்விப் பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு வந்தார். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம். நான் படித்து எழுதுவதற்காக வெள்ளிக்கிழமைப் பாடங்களைத் தான் எடுப்பதாகச் சொன்னார். எடுத்தார். விஞ்ஞானம் அவருக்கு வராது. என் குறிப்புகளை முதல் நாளே வாங்கிக்கொண்டு போய் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். "சேர் தவளைன்னு கீறுனாரு டீச்சர், பாக்க தேங்கா மாரி இருந்திச்சு" என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவிசாவளைக்குப் போய் அங்கே பஸ் மாறி இரத்தினபுரிக்குப் போவேன். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். கலாசாலையில் இரண்டு வருடத்தில் முடியும் பயிற்சி எனக்கு நான்கு வருடத்துக்கு மேல் எடுத்தது. என்னோடு ஒரே நாளில் நியமனம் பெற்றவர்கள் சேவையில் எனக்கு மேலே போய்விட்டார்கள். அந்த வருடங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. யார் என்ன மாலை போட்டாலும் கிடைக்காது.

புஷ்பம் டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் 2003இல் ஓய்வு பெற்றார். இருபத்தாறு வருடங்கள் முதலாம் வகுப்பு. இந்தத் தோட்டத்தில் தமிழ் எழுதத் தெரிந்த பாதிப் பேருக்கு அவர்தான் கை பிடித்து எழுதப் பழக்கியவர். பிரியாவிடையில் சேர் நன்றாகப் பேசினார். புஷ்பம் டீச்சர் இல்லாமல் இந்தப் பாடசாலை இல்லை என்றார். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது புஷ்பம் டீச்சர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"ஒரு தடவையாவது பெரிய வகுப்புக்கு தமிழ் எடுக்கணும்னு எனக்கு ஆச. நான் கேக்கல. சேரும் கேக்கல."

நான் அதை நேராகப் போய்ச் சேரிடம் சொன்னேன், ஈட்டியால் குத்துவதுபோலத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "சின்ன வகுப்ப அவங்கள மாதிரி ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அதனால வேற எதையும் நான் யோசிக்கவே இல்ல" என்றார். அடுத்த ஞாயிறு சேர் புஷ்பம் டீச்சரின் வீட்டுக்குப் போய், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு தவணை தமிழ் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். "இப்ப தொண்ட போயிருச்சுங்க சேர். மூட்டும் போயிருச்சு" என்று புஷ்பம் டீச்சர் சிரித்திருக்கிறார். சேர் இதை என்னிடம் அவராகவே வந்து சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் அதிபரான பிறகு எல்லாம் விளங்கும் என்று சிலர் சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை. இந்த வருடம் என்னிடம் குமுதா வந்தாள். விஞ்ஞான ஆசிரியை, இருபத்து நான்கு வயது. கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது, கையெழுத்து வேண்டும். பதினோராம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் டிசம்பரில் பரீட்சை எழுத இருக்கிறார்கள். நான் கடிதத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, சனிக்கிழமை தெரணியகலைக்குப் போனேன். சேர் டவுனில் மகளின் வீட்டில் இருந்தார். மெலிந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"போடலாமா, வேணாமா? சொல்லுங்க சேர்."

"பேட்ச் எத்தன பேரு?"

"பதினெட்டு."

"அந்தப் பிள்ள திரும்பி வருமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது டீச்சர்."

எனக்கு வெறுத்துவிட்டது. "எனக்கு நீங்க செஞ்சது சரியா தப்பா? அதையாவது சொல்லுங்க" என்றேன்.

"ஒங்களுக்கு செஞ்சது தப்பு" என்றார், தயங்காமல். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "திரும்ப அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். நியாயம் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவர் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு ஹட்டனிலிருந்து தயாபரன் வந்திருந்தார். இப்போது ஒரு பெரிய பாடசாலையில் உப அதிபர். சிறு பிள்ளைபோல அழுதார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நீங்க திரும்பி வந்திருந்தா நானும் போயிருப்பேன்" என்று சொல்லியே விட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சேர் என்னைய கூப்பிட வந்தாரு ராஜி டீச்சர், ஒங்களுக்கு தெரியாதா? தொண்ணூத்தொம்பதுல. ரெண்டு பஸ் மாறி எங்க வீட்டுக்கு வந்தாரு. பேக்குல ட்ரான்ஸ்ஃபர் ஃபோம் வச்சிருந்தாரு, நான் பாத்தேன். எம் மகனுக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகல. தூக்கி மடியில வச்சிக்கிட்டாரு. 'இந்தக் குளிரு புள்ளைக்கு ஒத்துக்குதா தயா?'ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல. சோறு சாப்பிட்டுட்டு போயிட்டாரு."

எனக்கு அந்த நாள் நினைவு வந்தது. அவிசாவளையில் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் லீவு எடுத்தார். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் என் கடிதம் வந்தது. ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிய அதே மனிதர், என் முகத்தைப் பார்த்து முடியாது என்றார். ஏன் என்று நடக்க நடக்க யோசித்தேன். மழையில் வீட்டுக்கு வந்து சேரும்போது தெரிந்தது. நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். போகக்கூடியவர்களிடம் அவரால் கேட்க முடியவில்லை. இருக்கக்கூடியவர்கள்மேல் எல்லாவற்றையும் ஏற்றிவைத்தார். புஷ்பம் டீச்சர்மேல் ஏற்றினார், என்மேல் ஏற்றினார், எல்லோரையும்விட அதிகமாகத் தன்மேல் ஏற்றிக்கொண்டார். அதனால் எங்கள் பாரம் குறைந்துவிடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. பெரிய காரியாலயங்களில் எத்தனையோ பேர் என் விண்ணப்பங்களை மாதக் கணக்கில் தூங்கவிட்டார்கள், முடியாது என்று சொல்லும் தைரியம் இல்லாமல். இவர் என்னை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, காரணத்தோடு முடியாது என்றார். நான் கத்தியபோது எழுந்து போகவில்லை, கடைசி வார்த்தை வரை கேட்டார். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் குமுதாவைக் கூப்பிட்டேன். இந்த வருடம் விட முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு கத்தினாள். அவள் முடிக்கும் வரை இருந்தேன். பிறகு விடுவிப்புக் கடிதத்தை அவள் முன்னாலேயே எழுதினேன். ஜனவரி முதல் வாரத்திலிருந்து நீ போகலாம், இடத்தை அதுவரை பிடித்துவைக்கச் சொல்லி நானே காரியாலயத்தில் போய் நிற்கிறேன், இடம் போனாலும் அடுத்த முறைக்கு இதே கடிதம் செல்லும், திரும்பி வருவாயா என்று நான் கேட்கப் போவதில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

ஜனவரியில் விஞ்ஞானத்தை யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.